நாலு சென்ட்டும் முதியோர் பென்ஷனும்

"சொந்த வீடு இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க பென்ஷன்?"

இதைக் கேட்ட அலுவலர் கடுமையான ஆள் இல்லை. மனுவை முழுசாகப் படித்தார், பெரியம்மாவை உட்காரச் சொன்னார், கண் ஆபரேஷன் எப்போது நடந்தது என்றுகூட விசாரித்தார். அவர் சிடுசிடுத்திருந்தால் அவர் மேல் கோபப்பட்டுவிட்டு அத்தோடு மறந்திருப்பேன். அவரோ நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் அதையே கேட்பது போலத்தான் எங்களைப் பார்த்தார்கள். வீடே இல்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, வீடு வைத்திருப்பவருக்கு அரசாங்கம் எதற்காக மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். 2022இல் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு இப்போதும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். முழுப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறேன், அதை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

பெரியம்மா எனக்கு ரத்த உறவு இல்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியம்மாதான். கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு அவருடைய வாழ்க்கையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் தறி ஓட்டினார், இவர் தார் சுற்றினார், அதாவது தறிக்கான நூலைக் குழலில் சுற்றும் வேலை. கல்யாணமான புதிதில் ஏலச்சீட்டு போட்டு, அதை எடுத்து, காடாகக் கிடந்த இடத்தில் நாலு சென்ட் வாங்கினார்கள். ஓடு மேய்ந்த இரண்டு அறை, முன்னால் திண்ணை, பின்னால் தகரம் போட்ட சமையலறை. அந்த வீட்டில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அதே திண்ணையில்தான் வீட்டுக்காரரைக் கடைசியாகக் கிடத்தினார்கள். அவர் போன பிறகும் பெரியம்மா தார் சுற்றப் போய்க்கொண்டிருந்தார். கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றபோதெல்லாம் வருமானமும் நின்றது. அப்புறம் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடும் அளவுக்குப் பார்வை திரும்பவில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, பைனான்ஸ் கடன். தீபாவளிக்குச் சேலையும் கொஞ்சம் பணமும் கொண்டு வருவான். மற்ற மாதங்களில் ரேஷன் அரிசியும் அக்கம்பக்கமும்தான் பெரியம்மாவுக்குத் துணை.

இதற்கிடையில் ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்தது. சாலை வந்ததும் புரோக்கர்கள் வந்தார்கள். பெரியம்மா வீட்டுக்கு முன்னால் நின்று கைபேசியில் அளவு சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் எதுவும் செய்யவில்லை. ஓட்டில் ஒரு துண்டைக்கூட மாற்றவில்லை. ஆனால் காகிதத்தில் அவர் லட்சாதிபதி ஆகிவிட்டார்.

முதியோர் பென்ஷன் விதியில் அசையாச் சொத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. முன்பு அது ஐம்பதாயிரமாக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். உயர்த்தியதை நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். நாலு சென்ட் என்றால் கிட்டத்தட்ட 1740 சதுர அடி. பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 400 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் ஏழு லட்சத்தைத் தொடுகிறது. அதே விலையில் ஒரு லட்சத்துக்குள் அடங்கவேண்டும் என்றால் 250 சதுர அடி நிலம்தான் இருக்கலாம், அதன்மேல் வீடு எதுவும் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் ஓரளவு வளர்ந்த எந்த ஊரிலும், பட்டா நிலத்தில் சொந்தமாக ஒரு குடிசை வைத்திருப்பவரும் இந்த வரம்புக்கு வெளியேதான் நிற்பார். பல ஊர்களில் விசாரணைக்கு வரும் வி.ஏ.ஓ.க்களும் ஆர்.ஐ.க்களும் (வருவாய் ஆய்வாளர்கள்) வீட்டையும் ஆளையும் பார்த்துவிட்டு, மனசாட்சிப்படி இதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி விட்டதால்தான் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு மூதாட்டியின் சோறு, விசாரணைக்கு வருகிறவர் விதியைக் கவனிக்காமல் விடுவதை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கவனித்துவிட்டால் என்ன ஆகும்? பெரியம்மாவுக்கு ஆனதுதான் ஆகும்.

விற்றுவிட்டால் என்ன?

என் சொந்தத்தில் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். நாலு சென்ட்டை இன்றைய விலைக்கு விற்றால் இருபது லட்சம் தேறும். வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம், மாதம் பதினோராயிரத்துக்கும் மேல். நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு வீடு வாடகைக்குப் பிடித்தாலும் ஏழாயிரம் கையில் நிற்கும். "ஆயிரம் ரூபாய் பென்ஷனுக்கு நடக்கிறவங்க கையில இப்பவே மாசம் ஏழாயிரம் இருக்குது. அதை எடுத்துக்காம ஊர் வரிப்பணத்தைக் கேட்கறது எந்த விதத்துல நியாயம்?" என்றார்.

இந்தக் கணக்கைச் சும்மா உணர்ச்சிவசப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பெருக்கல் சரி, வட்டி சரி. வருமானம் குறைந்த சொத்துக்காரர்களுக்கு உதவக்கூடாது என்று சொல்கிறவர்களின் வாதத்தில் இதுதான் வலுவான பகுதி. அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான்: இந்தக் கணக்கில் எழுபது வயதுக்காரர் யாரும் இல்லை. தனியாக இருக்கும் வயதான பெண்ணுக்கு யார் வீடு வாடகைக்குக் கொடுக்கிறார்கள்? "படுத்துட்டா யார் பார்க்கறது, ஏதாவது ஆச்சுன்னா எங்க வீட்லயா காரியம் செய்யறது?" என்று முகத்துக்கு நேரே கேட்கும் வீட்டுக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். கொடுத்தாலும் பதினொரு மாத ஒப்பந்தம், வருஷா வருஷம் வாடகை ஏறும், வட்டி ஏறாது. எழுபத்தைந்து வயதில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறவேண்டும். உடம்பு முடியாதபோது கஞ்சி கொண்டுவந்து கொடுக்கும் தெரு அந்தப் புது வீட்டில் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு விதவைத் தாயின் கணக்கில் இருபது லட்சம் ரூபாய் எத்தனை மாதம் இருக்கும்? மகனுக்குக் கடன் இருக்கிறது, மகளுக்கும் ஒரு பங்கு கேட்கத் தோன்றும், பேரனுக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டும். யாரையும் கெட்டவர் என்று சொல்லவில்லை. தேவை இருக்கும் வீட்டில் பணம் இருந்தால் அது தேவை இருக்கும் பக்கம் போகும். ஓட்டு வீட்டை அப்படிப் பிய்த்துக் கொடுக்க முடியாது. அதனாலேயே அது நிற்கிறது.

வீட்டை விற்காமலே அதன்மேல் மாதாமாதம் பணம் வாங்க ஒரு வழி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ். 2007 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அறுபது வயதைத் தாண்டிய சொந்த வீட்டுக்காரர்களுக்கு வங்கிகள் தரலாம். சென்னையில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷத்து ஓட்டு வீட்டுக்கு, வரைபட அனுமதி இல்லாத கட்டடத்துக்கு, எந்த வங்கி மேலாளர் மதிப்பீட்டாளரை அனுப்புவார்? அந்த வழி பெரியம்மாவின் தெருவரைக்கும் வருவதில்லை.

"எழுதி வெச்சுட்டு வாங்க"

என்னை ஒரு பக்கமாகத் தள்ளியது இந்தக் கணக்குகள் எதுவும் இல்லை. மனு தள்ளுபடியான பிறகு நடந்த ஒரு பேச்சுதான்.

அலுவலகத்துக்கு வெளியே, மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். அனுபவசாலி. எங்கள் முகத்தைப் பார்த்ததுமே என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "வீடு அம்மா பேர்ல இருக்குதுங்களா? பையன் பேருக்கு ஒரு செட்டில்மென்ட் போட்டுருங்க. அப்புறம் வில்லங்கம் எடுத்தா அம்மா பேர்ல ஒண்ணும் இருக்காது. புதுசா மனு போடலாம். நிறையப் பேர் அப்படித்தானுங்க பண்றாங்க" என்றார். அவருக்கு இதில் கமிஷன் எதுவும் இல்லை. உதவியாகத்தான் சொன்னார். எனக்கும் அந்த நிமிஷம் அது நல்ல யோசனையாகவே பட்டது. எப்படியும் வீடு மகனுக்குத்தானே போகப்போகிறது, இப்போதே எழுதினால் என்ன என்று பெரியம்மாவைப் பார்த்தேன்.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்து, டிக்கெட் இல்லாத பஸ்தானா என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஊர் நெருங்கும்போதுதான் பேசினார்.

"வேண்டாங் கண்ணு. அந்த வீடு என்ற பேர்ல இருக்கறதுனாலதான் என்னைய யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பையன் நல்லவன்தான். ஆனா அவன் வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்தா அஞ்சாம் நாள் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அப்ப 'என்ற ஊட்டுக்குப் போறேன்'னு கிளம்பி வந்துருவேன். எழுதிக் குடுத்துட்டா எங்கன்னு சொல்லிக் கிளம்பறது? ஆயிரம் ரூவா வேணும்தான். அதுக்காக அதை விட முடியாதுல்ல."

இதைக் கேட்ட பிறகு என்னால் பழைய மாதிரி யோசிக்க முடியவில்லை. அதுவரை வீடு என்பதை ஒரு தொகையாகவே நானும் அண்ணனும் அந்த அலுவலரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு லட்சமா, இருபது லட்சமா என்பதில்தான் எங்களுக்குள் வித்தியாசம். பெரியம்மாவுக்கு அது தொகையே இல்லை. மருமகள் குரல் உயராமல் இருப்பதற்கும், மகன் முடிவு எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்பதற்கும், கோபித்துக்கொண்டு கிளம்பி வர ஓர் இடம் இருப்பதற்கும் அந்தப் பத்திரம்தான் காரணம். விதி அவரிடம் கேட்டது அதைத்தான்: உன் கடைசிப் பாதுகாப்பை விட்டுவிட்டு வா, ஆயிரம் ரூபாய் தருகிறேன். எந்த அதிகாரியும் அப்படி நினைத்து விதி எழுதியிருக்க மாட்டார். ஆனால் நாலு சென்ட் வீட்டின் திண்ணைக்கு அது வந்து சேரும்போது அப்படித்தான் ஆகிறது.

எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டு ஏமாற்றினால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் பெற்ற மகன் மேல் மனு கொடுக்கும் நிலைக்கு ஒரு தாய் வருகிறாள் என்றால் அதற்கு முன் எவ்வளவோ நடந்து முடிந்திருக்கும். ஒரு துறை முதியவர்களை வீட்டை எழுதிக் கொடுக்கும் நிலைக்குத் தள்ள, இன்னொரு சட்டம் அதை மீட்டுத் தரக் காத்திருப்பது யாருக்கு நல்லது?

பெண்கள் பெயரில் சொத்து இருக்கவேண்டும் என்று இந்த மாநிலம் நாட்டுக்கே முன்னோடியாக நின்றிருக்கிறது. 1989இலேயே வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தோம், மத்திய அரசு அதைச் செய்ய 2005 ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. இதையெல்லாம் செய்துவிட்டு, அப்படிச் சொத்து வைத்திருக்கும் பெண் வயதாகி வந்து நிற்கும்போது, அந்தச் சொத்தையே காரணம் காட்டி திருப்பி அனுப்புவது பொருந்தவில்லை.

ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு கண்

ஒரு வருஷம் கழித்து கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான முகாம்கள் வந்தன. அந்த விண்ணப்பத்தின் நிபந்தனைகளைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், கார் கூடாது, வருமான வரி கட்டுகிறவராக இருக்கக்கூடாது. குடியிருக்கும் வீட்டின் மதிப்புக்கு வரம்பே இல்லை. பெரியம்மா இரண்டு மாதத்துக்கு இலவச நூறு யூனிட்டைத் தாண்டுவதே கிடையாது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களில் அவரும் ஒருவர். அதே பெண், அதே வீடு, அதே அரசாங்கம். ஒரு திட்டம் அவரை வசதியானவர் என்றது, இன்னொன்று அவரை உரியவர் என்றது.

உரிமைத் தொகையின் நிபந்தனைகள் எல்லாமே கச்சிதம் என்று சொல்லவரவில்லை. பத்து ஏக்கர் மானாவாரி நிலம் மழை பொய்த்த வருஷத்தில் எதையும் தராது, ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் இருந்தால் யூனிட் ஏறிவிடும். மேல்முறையீடு செய்தவர்கள் ஏராளம். ஆனாலும் அந்தக் கேள்விகள் இந்தக் குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை நோக்கிப் போகின்றன. மின்சார யூனிட்டுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. ஏசி ஓடுகிற வீட்டை அது காட்டிக்கொடுக்கும். வழிகாட்டி மதிப்போ புறவழிச்சாலை எங்கே போகிறது என்பதைத்தான் காட்டும்.

மத்திய அரசின் திட்டங்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம். விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வாங்க நிலம் உங்கள் பெயரில் இருந்தாக வேண்டும். முதலில் இரண்டு ஹெக்டேர் வரம்பு வைத்தார்கள், 2019இலேயே அதையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வயலில் கூலிக்குக் களை எடுக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அங்கே சொத்து இருந்தால் உதவி, இங்கே சொத்து இருந்தால் உதவி இல்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான பத்து சதவீத இடஒதுக்கீட்டில் எட்டு லட்சம் வரை வருமானம் இருக்கலாம் என்று தாராளமாகச் சொன்னார்கள். அந்த ஒதுக்கீட்டின் அடிப்படையையே தமிழ்நாடு ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் அதன் அளவுகோல்களை ஆராய 2021 இறுதியில் அமைத்த அஜய் பூஷண் பாண்டே குழு சொன்ன ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிட வேண்டும். ஆயிரம் சதுர அடி வீடு இருக்கக்கூடாது என்பது போன்ற வீட்டுச் சொத்து நிபந்தனைகளை நீக்கிவிடலாம், குடியிருக்கும் வீடு ஒருவரின் உண்மையான பொருளாதார நிலையைக் காட்டாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. எட்டு லட்சம் சம்பாதிக்கும் குடும்பத்தின் விஷயத்தில் டெல்லிக்குப் புரிந்தது, ஆயிரம் ரூபாய்க்கு மனு கொடுக்கும் கிழவியின் விஷயத்தில் புரியாமல் போகவேண்டிய அவசியம் இல்லை.

லைன் வீட்டு அக்கா

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. எங்கள் தெருக்கோடியில் லைன் வீட்டில், வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில், இருக்கும் அக்கா. பெரியம்மாவைவிட வயதில் கொஞ்சம் இளையவர், அவரும் விதவை, அவரும் தார் சுற்றியவர். அவருக்கு முதியோர் பென்ஷன் வருகிறது. 2023இல் அதை ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறாக உயர்த்தினார்கள். நான் பெரியம்மாவுக்காக அலைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவங்களுக்கும் வரட்டும் சாமி, வேண்டாங்கல. ஆனா எனக்கு வர்றது வாடகைக்கே பத்தலை. ரெண்டாயிரத்து ஐந்நூறு. அவங்களுக்கு வந்தா அப்படியே வயித்துக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?"

ஆகாதுதான். வாடகை கட்டாமல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத வருமானம். பெரியம்மாவுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்பதை நான் மறைக்க முடியாது. ஆனால் இதற்கு வழி பெரியம்மாவுக்கு இல்லை என்று சொல்வதா, அக்காவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதா? பிரிட்டனில் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை, வங்கியில் இருக்கும் சேமிப்பு பத்தாயிரம் பவுண்டைத் தாண்டினால்தான் எடுக்கிறார்கள். வாடகை கட்டுகிறவர்களுக்குத் தனியாக வீட்டு வாடகை உதவி உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு, தலைக்கு மேல் கூரைக்கு இன்னொரு கணக்கு. எனக்குத் தெரிந்து நம் ஊரில் வாடகை கட்டும் ஏழை முதியவரைப் பற்றி எந்தத் திட்டமும் யோசித்ததே இல்லை. லைன் வீட்டு அக்காவின் கோபம் பெரியம்மா மேல் திரும்பாமல் இந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொரு கேள்வி வாரிசுகளைப் பற்றியது. அரசு பத்து வருஷம் பென்ஷன் கொடுத்துக் காப்பாற்றிய வீட்டை, கண்ணால்கூடப் பார்க்காத மகன் விற்றுப் பணம் எண்ணுவது சரியா? அயர்லாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு 2009 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெரியவர் உயிரோடு இருக்கும்வரை வீட்டில் கை வைப்பதில்லை. அதன் மதிப்பில் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் என்று மூன்று வருஷத்துக்கு மட்டும் கணக்கில் எழுதிவைத்து, இறந்த பிறகு வசூலித்துக்கொள்கிறார்கள். படித்தபோது நல்ல நடுவழியாகத் தோன்றியது. ஆனால் ஆயிரத்து இருநூறு ரூபாய் பென்ஷனுக்குப் பத்து வருஷக் கணக்கு ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்தான். அதற்காகப் பத்திரத்தின் மேல் அரசாங்கம் ஒரு பாத்தியதை எழுதினால் எங்கள் தெருவில் ஒருவரும் மனு கொடுக்க மாட்டார்கள். "ஊட்டை சர்க்கார் எடுத்துக்குமாம்" என்ற ஒரு வதந்தி போதும். பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர கையெழுத்துப் போட மாட்டார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர், இரண்டாவது வீடு வைத்திருப்பவர், கடை வாடகை வாங்குகிறவர், நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர், இவர்களை நிறுத்தட்டும். அங்கே சொத்து பணமாகக் கைக்கு வருகிறது. குடியிருக்கும் ஒரே வீட்டை மட்டும் விட்டுவிடட்டும். என் சாய்வு இவ்வளவுதான்.

ஆண்களுக்கு?

பெரியம்மாவின் பிரச்சினை ஓரளவுக்குத் தீர்ந்துவிட்டது என்பதால் இதைப் பற்றி நான் எழுதாமலே இருந்திருப்பேன். இப்போது அதே தெருவில் ஒரு பெரியவர். அவரும் தறிக்காரர், மனைவி போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. மூன்று சென்ட், ஓட்டு வீடு, காதும் சரியாகக் கேட்காது. உரிமைத் தொகை பெண்களுக்கானது, அதில் அவருக்கு இடம் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அவருக்கு இருக்கும் ஒரே கதவு முதியோர் பென்ஷன். 1962இல் மாதம் இருபது ரூபாயாகச் சென்னை மாநிலத்தில் தொடங்கிய திட்டம் அது. மத்திய அரசு அதற்குத் தரும் பங்கு எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்றைக்கும் இருநூறு ரூபாய்தான், மீதியை மாநிலம் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கதவில்தான் ஒரு லட்சம் ரூபாய் வரம்பு நிற்கிறது. உரிமைத் தொகை வந்த பிறகு, வீடு இருப்பதால் தள்ளிவிடப்படும் ஏழைகளில் பெண்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது, தனியாக நிற்கும் கிழவர்களுக்கு இல்லை.

அவருக்கும் யாரோ செட்டில்மென்ட் யோசனை சொல்லியிருக்கிறார்கள், தம்பி மகன் பேருக்கு. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மனுவோடு வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு, காது கேளாமைக்கான மருத்துவச் சான்று எல்லாம் வைக்கிறோம். வீட்டின் மதிப்பு என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறோம். அதற்குக் கீழே தனித்தாளில் இதையும் சேர்த்திருக்கிறோம்: இந்த வீட்டில் மனுதாரர் மட்டும் குடியிருக்கிறார், இதிலிருந்து வாடகை வருமானம் எதுவும் இல்லை, இவருக்கு வேறு நிலமோ வீடோ இல்லை, கடந்த ஒரு வருஷத்தில் மின்கட்டணம் கட்டவேண்டியே வரவில்லை. விசாரணைக்கு வரும் ஆர்.ஐ. இந்த நாலையும் தெருவில் நின்றபடியே சரிபார்த்துவிடலாம். தள்ளுபடி ஆனால் கோட்டாட்சியரிடம் போவோம், அதற்கப்புறம் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவருடைய மனுவிலும் இந்த நாலு வரியைச் சேர்த்துப் போடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.